ரெக்கார்டு நோட்டில் எழுதாதவை

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்துக்கு ரெக்கார்டு நோட்டோடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். விலங்கியல் படிப்பவர்கள், நர்சிங் படிப்பவர்கள், பிசியோதெரபி படிக்கும் ஒன்றிரண்டு பேர். பெரும்பாலும் அவரவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நான் தொண்ணூறுகளில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன் என்பதால் உடலியங்கியல் செய்முறைகளைத் திருப்பிப் பார்க்கும் வேலை என்னிடம் வரும். செரிமானத்தில் தொடங்கி ரத்தம், தசை, கழிவு நீக்கம், சுவாசம் என்று ஒவ்வொரு மண்டலமாகப் போவோம். நோக்கம், தேவையானவை, செய்முறை, காட்சிப்பதிவு, முடிவு. இந்த ஐந்து தலைப்புக்குள் ஒரு உடம்பையே அடக்கிவிடலாம் என்று கல்லூரி நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

போன ஆண்டு ஒரு தங்கை கேட்டாள்: "ரத்தம், எச்சில், மூச்சு எல்லாமே எல்லாருக்கும் ஒண்ணுதான்னு லேப்லயே தெரியுதேண்ணா. இதை எல்லாருக்கும் ஒழுங்கா சொல்லிக் கொடுத்தாலே சாதி போயிடாதா?"

போகாது என்றேன். ஏன் போகாது என்பதை அன்று முழுதாகச் சொல்ல நேரமில்லை. இப்போது அதே நோட்டைப் புரட்டிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் செய்முறை, உமிழ்நீர் அமைலேஸ். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு பீக்கரில் உமிழ்நீரைச் சேகரித்து, வடிகட்டி, நீர்க்கச் செய்து, மாவுச்சத்துக் கரைசலோடு கலந்து 37 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டின் குழிகளில் அயோடின் சொட்டுகள் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை கலவையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து அதில் விட வேண்டும். முதலில் கருநீலம். பிறகு ஊதா, செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் நிறம் மட்டும் மிஞ்சும். மாவுச்சத்து முழுக்க உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

புத்தகத்தில் அதற்குப் பெயர் உமிழ்நீர். நம் ஊரில் அதற்குப் பெயர் எச்சில். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கு முதலில் காட்டியது அந்த ஆய்வகம்தான். எங்கள் குழுவில் ஆறு பேர். குழுவுக்கு ஒருவர் உமிழ்நீர் கொடுத்தால் போதும் என்றார் பேராசிரியர். பீக்கர் என் கையில் இருந்ததால் நானே கொடுத்தேன். சற்று நேரத்தில் இரண்டு பேர் "இங்க கூட்டமா இருக்கு" என்று பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்கள். ஆறு பேர் நான்கு பேரானோம். யாரும் ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசவில்லை. எங்கள் மேசையிலும் அந்த மேசையிலும் நிறம் மாற நான்கைந்து நிமிடம் கூடக் குறைய ஆகியிருக்கும், அவ்வளவுதான். இடம் மாறிப் போன இருவரும் தங்கள் நோட்டில் சரியான முடிவைத்தான் எழுதினார்கள். முழு மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

தங்கையின் கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த இருவருக்கும் அறிவியல் தெரியாமல் இல்லை. எல்லார் எச்சிலிலும் ஒரே நொதிதான் இருக்கிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள், கையாலேயே எழுதினார்கள். பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்பதை 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவர்களும் எச்சிலை யாரும் சோதிக்காததால் அப்படி வைக்கவில்லை. யார் யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு முதலில் வந்தது. எச்சில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அடுத்தது ரத்தம். மோதிர விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு வைத்து, ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி சீரங்களைக் கலக்க வேண்டும். எதில் ரத்தம் திரிந்து திட்டுத் திட்டாகிறதோ அதை வைத்து வகை சொல்லலாம். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் தன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்த்துக் கண்டுபிடித்த முறை இது. அண்ணன் தம்பி ரத்தம் சேராமல் போகும். முன்பின் தெரியாதவன் ரத்தம் சேரும். நம் மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளரே இல்லை.

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தப் பிளாஸ்மாவைச் சேமித்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பின மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் 1942-இல் வாங்கத் தொடங்கியது. ஆனால் வெள்ளையர் ரத்தம் தனி, கறுப்பர் ரத்தம் தனி என்று பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினை 1950 வரை நீடித்தது. லாண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவருக்கு நோபல் பரிசே 1930-இல் கொடுத்தாகிவிட்டது. அறிவியல் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

நம் ஊர்க்கதை வேறு மாதிரி. இங்கே நம் ரத்தத்தை வாங்கிக்கொள்வார்கள். ஏப்ரல் 14 அன்று நம் பிள்ளைகள் வரிசையில் நின்று ரத்த தானம் செய்கிறார்கள். அது யார் உடம்பில் ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் வாசலில் நம் பிள்ளை தண்ணீர் கேட்டால் என்ன பாத்திரத்தில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணையின்போது அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே டி.என்.ஏ. சோதனைக்கு ரத்த மாதிரி கேட்டார்கள். சிலர் தர மறுத்தார்கள். அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: ஊசி யார் விரலைத் தேடி வருகிறது?

ரத்தத்தில் இன்னொரு செய்முறை இருக்கிறது. நாம் அதிகம் பேச வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். சாலி முறையில் ஹீமோகுளோபின் அளப்பது. பட்டம் குறித்த கண்ணாடிக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம். அதில் 20 கன மில்லிமீட்டர் ரத்தம். பத்து நிமிடத்தில் கலவை பழுப்பாகிவிடும். பக்கத்தில் இருக்கும் நிலையான நிறத்தோடு ஒத்துப்போகும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். என் வகுப்பில் விடுதி மாணவிகள் பலருக்கு ஓரிரண்டு சொட்டிலேயே நிறம் ஒத்துப்போய்விடும். ஒன்பது, எட்டரை என்று வரும். "சரியா ரத்தம் எடுக்கல, திரும்பக் குத்து" என்பார்கள். திரும்பக் குத்தினாலும் அதே எண்தான்.

கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். அதே வயது ஆண்களில் இந்திய அளவில் 25 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். பிறக்கும்போது யார் ரத்தத்திலும் சாதி இல்லை என்பது உண்மை. ஆனால் இருபது வயதில் விரலைக் குத்தினால், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு நடவுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் குழாயில் எண்ணாக வந்து நிற்கிறது. ரத்த வகைச் செய்முறை நாம் சமம் என்று சொல்கிறது. சாலிக் குழாய் நம்மைச் சமமாக நடத்தவில்லை என்று சொல்கிறது. இரண்டும் ஒரே விரலிலிருந்து எடுத்த ரத்தம்தான்.

மூன்றாவது, தசை. இன்றைய பிள்ளைகள் இதைக் கணினித் திரையில்தான் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014-இல் நிறுத்தச் சொன்னது. நல்லதுதான். எங்கள் காலத்தில் தவளை உயிரோடு வரும். தலைக்குப் பின்னால் ஊசியைச் செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் அழித்துவிட்டு, சயாட்டிக் நரம்போடு சேர்த்துக் கெண்டைக்கால் தசையை வெட்டியெடுப்போம். அதைப் புகை படிந்த காகிதம் சுற்றிய உருளைக்கு முன்னால் நெம்புகோலோடு கட்டி, மின் தூண்டல் கொடுப்போம். உருளை சுழல, தசை துடித்ததைக் கரியில் கோடாகக் கீறும். ஒரு துடிப்பு மொத்தமே பத்தில் ஒரு நொடி.

ஊசி செலுத்தும் வேலைக்கு வரும்போது மட்டும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். "நீ பண்ணுப்பா, உங்களுக்கெல்லாம் பழக்கம் இருக்குமே." சொன்னவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செத்த மாட்டைத் தூக்கிய தாத்தாவின் கை என் கையில் இருக்கிறது என்று அவன் நினைத்தான். உடலியங்கியல் வகுப்பில் நின்றுகொண்டு, தொழில் பரம்பரையாக விரலில் இறங்கும் என்று நம்பினான். மாலையில் மீதத்தை அள்ளி, தட்டைக் கழுவி, குழி தோண்டிப் புதைக்கும் ஆய்வக உதவியாளர் அண்ணனும் நம் தெருக்காரர்தான். அவர் பெயர் எந்த ரெக்கார்டு நோட்டிலும் கிடையாது. உயிரைக் கொல்லக் கூடாது என்று அந்த ஆய்வகத்தில் அதிகம் பேசியவர்கள் கத்தியை எங்களிடம் நீட்டியவர்கள்தான். விலங்குகளுக்காகப் பேசும் தோழர்களிடம் நான் இதை மறக்காமல் சொல்வேன். தவளை வதையும் தீர வேண்டும். வதைக்கும் வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்ற கணக்கும் தீர வேண்டும்.

தசைப் பாடத்தில் எனக்குப் பிடித்த செய்முறை களைப்பு. தூண்டிக்கொண்டே இருந்தால் தசை எழுப்பும் கோடு குட்டையாகிக்கொண்டே வரும். தளர்வதற்கு எடுக்கும் நேரம் நீளும். கடைசியில் கோடே எழாது. நரம்பு அவ்வளவு எளிதில் களைக்காது. நரம்பும் தசையும் சேரும் இடம் முதலில் ஓயும். ரிங்கர் கரைசலில் கழுவி ஓய்வு கொடுத்தால் தசை திரும்பத் துடிக்கும். மனிதரிடம் இதையே மோஸோ எர்கோகிராஃப் என்ற கருவியில் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஆஞ்சலோ மோஸோ உருவாக்கியது. நடுவிரலால் எடையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டால் விரல் சீக்கிரமே நின்றுவிடும். உணவும் ஆக்சிஜனும் போகாத தசை வேலை செய்யாது. 'சோம்பேறி' என்ற சொல்லுக்கு அந்தக் கருவியில் இடமே இல்லை. அரைவயிற்றோடு அறுப்புக்குப் போன நம் பாட்டிகளைப் பார்த்து வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் சொன்ன சொல் அது.

கழிவு நீக்கம் சின்னச் செய்முறை. மீன் தொட்டித் தண்ணீரில் அம்மோனியா, பறவை எச்சத்தில் யூரிக் அமிலம், மனித சிறுநீரில் யூரியா. எல்லா உயிரும் கழிவை வெளியேற்றும், அதை நிறுத்தினால் செத்துப்போகும் என்பதுதான் பாடம். அள்ளும் வேலையை ஒரு கூட்டத்தின் மீது சுமத்தியது சிறுநீரகம் செய்த காரியமில்லை.

அங்கிருந்து சுவாசத்துக்கு வருவோம். மூச்சை அடக்கும் நேரம் அளக்கும் செய்முறை பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்து கடிகாரத்தை வைத்து, நாற்பது, ஐம்பது நொடி என்று போட்டி போடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத் தண்டு மூச்சுவிடச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிடும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் அதை மீற முடியாது. இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு மலக்குழி ஞாபகம் வரும். உள்ளே இறங்குபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டது போலத் தோன்றும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. அந்த வாயு செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சு முட்டிச் சாகும். அடர்த்தி மிகுந்தால் ஓரிரு மூச்சே போதும். அதனால்தான் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அதே குழியில் விழுகிறார்கள்.

செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று வரும். வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. ஆளை இறக்கிவிட்டவர் இருக்கிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது, 2013-இல் விரிவாக வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சுவாச மண்டலத்தைப் படித்த ஒரு மாணவர் அந்த வழக்கில் எவ்வளவு உதவியாக இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுவாசத்தில் இன்னொரு கருவி, ஸ்பைரோமீட்டர். முழுதாக இழுத்த மூச்சை முழுதாக ஊதி வெளியேற்றினால் நுரையீரல் கொள்ளளவு தெரியும். 1846-இல் ஜான் ஹட்சின்சன் லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களை ஊதவைத்துக் கணக்கெடுத்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் அடிமைத் தோட்டப் பகுதி மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் அதே கருவியைக் கையில் எடுத்தார். கறுப்பர்களின் நுரையீரல் சுமார் 20 சதவீதம் குறைவு, அடிமை உழைப்பே அவர்கள் ரத்தத்துக்கு நல்லது என்று எழுதினார். ஓடிப்போக நினைக்கும் அடிமைக்கு ஒரு நோய்ப் பெயரே வைத்த ஆள் அவர். பிற்காலத்தில் 'இனத் திருத்தம்' என்ற பெயரில் கறுப்பருக்கும் ஆசியருக்கும் 'இயல்பு' அளவைக் குறைத்து வைக்கும் கணக்கு கருவிகளுக்குள்ளேயே ஏறியது. ஒருவர் நுரையீரல் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், உங்கள் ஆட்களுக்கு இது இயல்புதான் என்று கருவி சொல்லிவிடும். இனம் பார்க்காத கணக்கையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது 2023-இல்தான்.

நம் நாட்டிலும் அளவுகோல் வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதி அடுக்கை இன அடுக்காகக் காட்ட முயன்றார். அம்பேத்கர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அளவுகோலைத் தூக்கி எறியவில்லை. 1948-இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் குர்யே தொகுத்த மூக்களவுகளையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் இந்த எண்களே சொல்கின்றன என்று காட்டினார். ஆனால் அத்தோடு சாதி முடிந்துவிட்டது என்று அவர் நம்பவில்லை. சாதி மனதில் இருக்கிறது, சாத்திரம் அதைத் தாங்குகிறது, மணமுறை அதைக் காவல் காக்கிறது என்பதை 1936-லேயே எழுதிவிட்டார். எண்ணால் பொய்யை உடைத்தார். பொய்யை நட்டு வைத்தவர்களோடு அரசியலால் மோதினார். இரண்டு வேலையும் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தங்கைக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். எல்லாரும் சமம் என்பதற்கு ஆய்வகத்தில் சான்று தேடாதே. அதற்குச் சான்றே தேவையில்லை. ஒருவேளை நாளைக்கு ஏதோ ஒரு சோதனையில் ஏதோ ஒரு வேறுபாடு தெரிந்தாலும் நம் உரிமை ஒரு துளியும் குறையாது. சாதி நம் உடம்பை என்ன செய்திருக்கிறது என்பதற்குச் சான்று தேடு. ஹீமோகுளோபின் எண்ணில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளியின் நுரையீரலில் இருக்கிறது. செங்கல் சூளையில் வேலை பார்ப்பவரின் முதுகில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் போதுமான பேர் இல்லை.

செய்முறைத் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளே, வெளித்தேர்வாளர் 'இயல்பு அளவு என்ன' என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதையே சொல்லுங்கள். மதிப்பெண்ணை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வு முடிந்த பிறகு நோட்டைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு செய்முறைக்கும் கீழே மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள். இது யார் உடம்பில் செய்தது? 'இயல்பு' என்று யாரை வைத்து முடிவு செய்தார்கள்? முடிந்தபின் தட்டைக் கழுவியது யார்? பதில் கிடைக்காத கேள்விகள்தான் மேலே படிக்க வேண்டிய பாடம். எம்.எஸ்சி. போங்கள், பொதுச் சுகாதாரம் படியுங்கள், தொழில்சார் நோய்கள் பற்றிப் படியுங்கள். மலக்குழி மரண வழக்கில் நிபுணர் சாட்சி சொல்ல ஒருவரை நீதிமன்றம் அழைக்கும்போது, அந்தக் கூண்டில் ஏறி நிற்பவர் நம் படிப்பகத்தில் படித்த பிள்ளையாக இருக்க வேண்டும்.